மாஷ் பொட்டேட்டோ பிழைச்சுப் போச்சோ? குறையைப் பார்த்துத் திருத்திற வழி

கிளிநொச்சிப் பக்கம் இப்ப பிறந்தநாள் எண்டாலும் சரி, வெளிநாட்டால பிள்ளையள் வந்து நிக்கிற வீடெண்டாலும் சரி, பொரிச்ச கோழிக்குப் பக்கத்தில வெங்காயமும் இலையும் போட்ட மாஷ் (அவிச்சு மசிச்ச உருளைக்கிழங்கு) ஒரு சட்டி வேணும் எண்டு கேக்கினம். நான் ஓடருக்குச் சமைச்சுக் குடுக்கிறனான், அதால தங்கட வீட்டில செய்து பிழைச்ச ஆக்களும் எனக்குத்தான் போன் அடிக்கிறது. "அக்கா இழுபடுது", "அக்கா வெங்காயம் கைக்குது", "அக்கா ஆக்கள் வந்திட்டினம் இப்ப என்ன செய்ய". திரும்பத் திரும்ப இதே கேள்வியள்தான், அதுதான் எழுதி வைக்கிறன். உங்கட சட்டியில என்ன குறை கிடக்கோ அந்தத் தலைப்புக்கு நேரப் போங்கோ. காசு போகாத காரணம் முதல்ல, காசு போற காரணம் கடைசியில. ஒண்டு மட்டும் முதலே சொல்லிவிடுறன், கன பேர் மசிக்கிற இடத்தில பிழை தேடினம், பிழை அனேகமா அதுக்கு முன்னம் அவிக்கிற தண்ணிக்குள்ளயே நடந்திருக்கும்.

அளவு எல்லாம் 1 கிலோ கிழங்குக்கு. பட்டர் 75 கிராம், சுடுபால் முக்கால் கப், பம்பாய் வெங்காயம் பெரிசா 2 (இல்லாட்டி சின்ன வெங்காயம் கால் கிலோ), உள்ளி 4 பல்லு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, வெங்காயத்தாளும் மல்லியிலையும் நறுக்கி ஒரு கை, மிளகுதூள், உப்பு. சமையல் வீடியோவில சொல்ற பார்ஸ்லி, ரோஸ்மேரி இலையளைத் தேடி வவுனியா மட்டும் போக வேண்டாம். தைம் கேட்டால் முத்தத்தில நிக்கிற கற்பூரவள்ளியில 2 இலை காணும், மணம் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான், 2க்கு மேல போட்டால் இருமல் மருந்து குடிச்ச மாதிரி இருக்கும்.

கட்டி கட்டியாக் கிடக்கு

முதல் ஒரு கட்டியை எடுத்து விரலுக்கு நடுவில வைச்சு நசிச்சுப் பாருங்கோ. இங்க இருந்து வழி ரெண்டாப் பிரியுது.

*நசியுது எண்டால்:* கிழங்கு அவிஞ்சிட்டுது, மசிச்சது காணாது. அகப்பையால குத்திக்கொண்டு நிக்காமல் இடியப்ப உரலை எடுங்கோ. இடியப்பத் தட்டு ஓட்டை சின்னன், கை நோகும், முறுக்குத் தட்டில பெரிய ஓட்டை இருக்கிறதைப் போட்டு சூட்டோட பிழிஞ்சால் ஒரு கட்டி இருக்காது. மாஷ் செய்யிறதுக்கெண்டே விக்கிற சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை, இதை விட அது நல்லாச் செய்யப் போறதில்லை. தோலோட அவிச்சால் உரிச்சுப்போட்டுப் பிழியுங்கோ, இல்லாட்டி ஓட்டை அடைக்கும்.

*நசியாமல் வழுக்கிக்கொண்டு போகுது எண்டால்:* உள்ளுக்க அவியேல்ல. இதுக்குக் காரணம் கனக்க, ஒவ்வொண்டாப் பாருங்கோ.

துண்டு பெரிசு சின்னனா வெட்டியிருக்கோ? எல்லாம் ஒண்டரை அங்குலம் அளவில வரவேணும். கொதிக்கிற தண்ணிக்குள்ள போட்டியளோ? அப்பிடிப் போட்டால் வெளிப்பக்கம் கரைஞ்சு போக உள்ளுக்க பச்சையா நிக்கும், பச்சைத்தண்ணியில போட்டு அதோட சேர்த்துச் சூடாக்கவேணும், கொதி வந்தாப் பிறகு 15 இல்லாட்டி 20 நிமிசம். தேசிக்காய்ப்புளி, வினாகிரி எதையும் ஆரம்பத்திலயே விட்டியளோ? புளி பட்டால் கிழங்கு லேசில அவியாது.

அடுத்தது ஆரும் யோசிக்காத ஒண்டு. அவிஞ்சுகொண்டு இருக்கேக்க காஸ் முடிஞ்சதோ? காஸ் முடிய, ஆரோ சிலிண்டர் எடுக்கக் கடைக்கு ஓட, கிழங்கு அந்த வெதுவெதுத் தண்ணிக்குள்ளயே அரை மணித்தியாலம் கிடக்கும். பிறகு புதுச் சிலிண்டர் பூட்டி எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் சரியா அவியாது, கடிச்சால் நறுக்கெண்டும். 55, 60 பாகை சூட்டில கன நேரம் கிடந்தால் கிழங்கு உள்ளுக்க இறுகிப் போயிடும், அந்த இறுக்கம் பிறகு கொதிக்க வைச்சும் போகாது. காஸ் நிண்ட உடன சட்டியை விறகடுப்புக்கு மாத்துங்கோ. அதுவும் இல்லையெண்டால் வடிச்சுப் பச்சைத்தண்ணிக்குள்ள போட்டிட்டு, அடுப்பு வந்தாப் பிறகு முதல்ல இருந்து அவியுங்கோ. இறுகிப் போனதைக் கறிக்கு விடுங்கோ, மாஷுக்கு அது சரிவராது.

இவ்வளவும் சரியெண்டால் இனித் தண்ணியைத்தான் பார்க்கவேணும். எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட, ஊருக்கு ஊர், ஏன் வளவுக்கு வளவு வித்தியாசம். தேத்தண்ணிக் கேத்தலைத் திறந்து உள்ளுக்க பாருங்கோ, சுவர் எல்லாம் வெள்ளையாப் பொருக்குப் பிடிச்சு, நகத்தால சுரண்ட தூளா விழுதெண்டால் அதே தண்ணியிலதான் உங்கட கிழங்கும் அவியுது. அந்தக் கல்சியம் கிழங்கை இறுக்கிப் பிடிக்கும். சந்தேகம் எண்டால் ஒரே கிழங்கை ரெண்டா வெட்டி ரெண்டு சின்னச் சட்டியில அவியுங்கோ, ஒண்டு கிணத்துத் தண்ணி, மற்றது குடிக்க வாங்கிற, வடிகட்டிச் சுத்திகரிச்ச ஆர்ஓ தண்ணி. ஆர்ஓ தண்ணிக் கிழங்கு முதல் அவிஞ்சால் விசயம் முடிஞ்சுது, இனி மாஷுக்கு மட்டும் அந்தத் தண்ணியைப் பாவியுங்கோ. 1 கிலோவுக்கு 2 லீற்றர் போதும், அதுக்காகக் கிழங்குக்காரனைப் பேச வேண்டாம்.

குக்கரில அவிக்கிற ஆக்களுக்கு: விசில் வராமல் பக்கத்தால ஆவி போகுதெண்டால் வாசரைக் கழட்டித் தண்ணியில நனைச்சு திரும்பப் போட்டுப் பாருங்கோ, வெடிச்சிருந்தால் மாத்துங்கோ. சேப்டி வால்வில கை வைக்க வேண்டாம், அதுக்குள்ள ஈர்க்கு விட்டுக் குத்திறதோ வேற ஏதும் செருகிறதோ வேண்டவே வேண்டாம், குக்கர் திருத்திற கடைக்குத்தான் கொண்டு போகவேணும்.

பசையா இழுபடுது

அகப்பையைத் தூக்க நூலா வருதோ? பிளெண்டரிலயோ கிரைண்டரிலயோ அடிச்சிருப்பியள். நூத்துக்குத் தொண்ணூறு இதுதான், போனில "நான் கொஞ்சம்தான் அடிச்சன் அக்கா" எண்டுதான் எல்லாரும் தொடங்கிறது. கொஞ்சம் அடிச்சாலும் கிழங்கில இருக்கிற மாச்சத்து வெளிய வந்திடும். இதைப் பழையபடி ஆக்க ஏலாது, பால் விட்டாலும் பட்டர் விட்டாலும் இன்னும் வழுக்குமே தவிரத் திருந்தாது.

அடிக்கேல்ல, கையாலதான் மசிச்சது எண்டால் இதுகளைப் பாருங்கோ: ஆறவிட்டு மசிச்சியளோ, பாலை முதல் விட்டு பட்டரைப் பிறகு போட்டியளோ, எல்லாம் சேர்ந்தாப் பிறகும் கிண்டிக்கொண்டே நிண்டியளோ. சூட்டோட பிழிஞ்சு, பட்டரை முதல் போட்டுப் பிரட்டி, பிறகு சுடுபாலை மூண்டு தரமா விட்டு, சேர்ந்த உடன கையை எடுக்கவேணும். வெட்டின துண்டை அவிக்க முதல் ரெண்டு தரம் கழுவி, வெள்ளைத் தண்ணியை ஊத்திவிட்டாலும் குறையும்.

இதுக்கும் மிஞ்சி இழுபட்டால் கிழங்குதான் அந்த இனம். மாவா உடையிற கிழங்கும் இருக்கு, வழுவழுப்பா நிக்கிற கிழங்கும் இருக்கு. நுவரெலியா, வெலிமடை, பாகிஸ்தான் எண்டு கடையில சொல்றதை வைச்சுத் தீர்மானிக்க வேண்டாம், ஒட்டியிருக்கிற மண்ணை வைச்சு ஊர் சொல்றது அதை விட மோசம், மண் எங்கயும் பூசலாம். தோலைப் பெருவிரலால தேயுங்கோ, மெல்லிசாக் கழண்டு வந்தால் புதுக்கிழங்கு, அது கறிக்கு நல்லம், மாஷுக்கு இழுக்கும். யாழ்ப்பாணத்துக் கிழங்கு புதுசா இறங்கிற மாசி பங்குனியில இதைக் கட்டாயம் பாருங்கோ. வடிவாத் தெரியவேணும் எண்டால் 1 கப் உப்பை 11 கப் தண்ணியில கரைச்சுக் கிழங்கைப் போடுங்கோ, தாழுறது மாக்கிழங்கு, மிதக்கிறது வழுவழுப்பு. ஆனையிறவு பக்கத்தில இருக்கிற எங்களுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை எண்டாலும் ஒரு கிழங்கு பார்க்க ஒரு கப் உப்புக் கரைக்கச் சொல்ல எனக்கும் மனசில்லை, 20 கிலோ 30 கிலோ எண்டு மூட்டையா வாங்க முதல் மட்டும் செய்து பாருங்கோ.

இப்ப சட்டியில கிடக்கிற பசையை என்ன செய்யிறது? ஆக்கள் வர நேரம் இருந்தால் இன்னொரு அரைக் கிலோ அவிச்சுப் பிழிஞ்சு மேலால போட்டு ரெண்டு மூண்டு தரம் மட்டும் பிரட்டுங்கோ, இழுவை குறைஞ்சு தெரியும். நேரம் இல்லையெண்டால் ரின்மீனும் மிளகும் சேர்த்து உருட்டி, முட்டையில தோய்ச்சு, பாண்தூளில பிரட்டிக் கட்லட்டாப் பொரிச்சு வையுங்கோ. ஒருத்தரும் மாஷ் எங்க எண்டு கேக்க மாட்டினம்.

தண்ணியா ஓடுது

வடிச்ச கையோட மசிச்சிருப்பியள். வடிச்சாப் பிறகு அதே சட்டியில மெல்லிய நெருப்பில 2, 3 நிமிசம் மூடாமல் வைச்சுச் சட்டியை ஆட்டவேணும், துண்டின்ர விளிம்பு வெள்ளையா மாப் பூத்து, அடியில மெல்லிசா ஒரு படை ஒட்டேக்க இறக்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் எவ்வளவு நல்ல கிழங்கும் ஓடும்.

துண்டைச் சின்னனா வெட்டி கன நேரம் அவிச்சாலும் தண்ணி குடிச்சிடும். வெங்காயம் வதக்கினது காணாமல் அதின்ர தண்ணி இறங்கியும் இருக்கும், கீழ வெங்காயப் பகுதியைப் பாருங்கோ.

ஏற்கெனவே ஓடிக்கொண்டு கிடக்குதெண்டால் அகலமான தாச்சியில போட்டு மெல்லிய நெருப்பில வைச்சு அடியைப் பிரட்டிப் பிரட்டி ஆவி போக விடுங்கோ, அடிக்கக் கூடாது. அவசரம் எண்டால் பால்மா ஒரு மேசைக்கரண்டி, பிறகு பார்த்து இன்னொண்டு, தூளாத் தூவிப் பிரட்டினால் இறுகும், ருசியும் கெடாது. கோதம்பை மா, சோளமா எண்டு போடுற ஆக்கள் இருக்கினம், பச்சை மா மணம் கடைசி மட்டும் நிக்கும், எனக்கு அது பிடிக்கேல்ல.

வெங்காயத்தில குறை

*கைக்குது:* கருகிப்போச்சு. ஒரு துண்டு கறுத்திருந்தாலும் அது முழுச் சட்டிக்கும் கைப்பைக் குடுக்கும். கலக்க முதல் கண்டால் கறுத்ததைப் பொறுக்கி எறியுங்கோ, எண்ணெயும் கறுத்திருந்தால் எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா வதக்குங்கோ, 2 வெங்காயத்துக்காக 1 கிலோ கிழங்கைப் பழுதாக்க வேண்டாம். பம்பாய் வெங்காயம் மெல்லிய நெருப்பில பொன்னிறம் வர 20 நிமிசம் எடுக்கும், 5 நிமிசத்தில வரும் எண்டு சொல்ற ஆரையும் நம்ப வேண்டாம். உள்ளியைக் கடைசி ஒண்டு ரெண்டு நிமிசத்தில போடுங்கோ, வெங்காயத்தை விட அதுதான் முதல் கருகும், கன இடத்தில வெங்காயம் கைக்குது எண்டு சொல்றது உண்மையில உள்ளிக் கைப்பு.

விறகடுப்பில செய்யிற ஆக்கள் கொள்ளியை வெளிய இழுத்திட்டுத் தணல்ல வதக்குங்கோ. காஸ் அடுப்பு எண்டால் நெருப்பு மஞ்சளா எரிஞ்சு சட்டி அடி கறுக்குதோ எண்டு பாருங்கோ, பேர்ணர் ஓட்டையளை ஊசியால துப்புரவாக்கினால் அனேகமாச் சரிவரும். அதுக்குப் பிறகும் மஞ்சள் எண்டால் அடுப்புத் திருத்திற ஆளைக் கூப்பிடுங்கோ. காஸ் மணக்குதெண்டால் அது வேற கதை, சமையலை விடுங்கோ, ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, லைற் சுவிச்சில கை வைக்காமல் வெளிய வந்து, சிலிண்டர் வாங்கின இடத்துக்கு அடியுங்கோ.

*பச்சை வெங்காய நெடி அடிக்குது:* வதங்கேல்ல, அவ்வளவுதான். மாஷுக்குள்ள போனாப் பிறகு அது வதங்காது. பட்டர் கொஞ்சம் தனியாச் சூடாக்கி அதில மிளகும் கறிவேப்பிலையும் தாளிச்சு மேல ஊத்தினால் நெடி அடங்கும், முழுக்கப் போகாது.

*வெங்காயம் வதங்காமல் அவிஞ்சு நிக்குது:* தாச்சி சின்னன், வெங்காயம் கூட. ரெண்டு தரமாப் போடுங்கோ.

இலை கறுத்துப் போச்சு, இல்லாட்டி மணமே இல்லை

ரெண்டுக்கும் காரணம் எப்ப போட்டது எண்டதுதான். கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும் தடிச்ச இலை, பட்டருக்குள்ள வெங்காயத்தோட போகவேணும், அப்பதான் மணம் பட்டருக்கு இறங்கி எல்லா இடமும் போகும். மல்லியிலை, வெங்காயத்தாளின்ர பச்சைப் பகுதி, புதினா இதெல்லாம் சட்டி இறக்கினாப் பிறகு, பரிமாற முதல். சூடான மாஷில இலையைப் போட்டு இறுக்கி மூடி ரெண்டு மணித்தியாலம் வைச்சால் கறுக்காமல் என்ன செய்யும். தேசிக்காய் பிழிஞ்சிருந்தாலும் பச்சை நிறம் மங்கும்.

இலையைக் கழுவி ஈரத்தோட நறுக்கினால் நசிஞ்சு சாறு போயிடும். துணியில ஒத்தி எடுத்துக் கூரான கத்தியால ஒரே தரம் நறுக்குங்கோ. காய்ஞ்ச இலை போத்தில்ல வாங்கிப் போடுற ஆக்கள், மூடியைத் திறந்து மணந்து பாருங்கோ, வைக்கோல் மணம் வந்தால் எவ்வளவு போட்டும் பிரியோசனமில்லை.

சாம்பல் நிறமா வந்திட்டுது

சாப்பிடலாம், பயமில்லை, ஆனால் விருந்துக்கு வைக்க வடிவில்லை. தோல் சீவின கிழங்கைத் தண்ணிக்குள்ள போடாமல் வெளிய வைச்சியளோ? இரும்புத் தாச்சியிலயோ இரும்புக் கரண்டியாலயோ செய்தியளோ? ரெண்டும் இல்லையெண்டால் தண்ணியில இரும்பு கூட, குழாய்க்கிணத்துத் தண்ணி வாளியில ஒரு இரவு நிண்டால் அடியில செம்மண் நிறமாப் படியுதோ எண்டு பாருங்கோ. அவிஞ்சு முடியிற நேரத்தில, கடைசி 5 நிமிசத்தில மட்டும், ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி விட்டால் நிறம் கறுக்காது. ஆரம்பத்தில விடக் கூடாது எண்டு மேலயே சொல்லிட்டன்.

செம்மண் படிவு, சவர்ச்சுவை ரெண்டும் இருக்கிற கிணறு எண்டால் மாஷோட நிக்காது, தேத்தண்ணி, உடுப்பு, குழாய் எல்லாத்தையும் பாதிக்கும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில தண்ணி பரிசோதிக்கலாம், எப்பிடிக் குடுக்கிறது எண்டு உங்கட பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பிஎச்ஐ) கேளுங்கோ. பில்டர் விக்கிற ஆள் வீட்டுக்கு வந்து காட்டிற பரிசோதனையை மட்டும் வைச்சுக் காசு குடுக்க வேண்டாம், முதல் அறிக்கை, பிறகு பில்டர்.

சின்னச் சின்னக் குறையள்

உப்புக் கூடிப்போச்சு: மாஜரின்லயும் உப்பு இருக்கு, அதைக் கணக்கில எடுக்காமல் போட்டிருப்பியள். உப்பில்லாமல் அவிச்ச கிழங்கைச் சேர்க்கிறதைத் தவிர வேற வழியில்லை. கட்டி உப்பையும் தூள் உப்பையும் ஒரே கரண்டியால அளக்க வேண்டாம். சப்பெண்டு இருந்தால், அவிக்கிற தண்ணியில உப்புப் போடேல்ல, 1 கிலோவுக்கு தூள் உப்பு ஒண்டரைத் தேக்கரண்டி.

இனிக்குது: கிழங்கைப் பிரிஜ்ஜுக்குள்ள வைச்சிருந்திருக்கிறியள். வெளிய எடுத்து இருட்டான காத்தோட்டமான இடத்தில ஒரு கிழமைக்கு மேல வைச்சால் குறையும். அண்டைக்கே சமைக்கவேணும் எண்டால் மிளகும் உள்ளியும் கொஞ்சம் கூட.

பால் திரைஞ்சிட்டுது: பக்கத்து வளவில வாங்கின பசுப்பால் எண்டால் தனியாக் கொதிக்க வைச்சுப் பார்த்திட்டுத்தான் கிழங்குக்கு விடுறது. தேங்காய்ப்பாலில செய்யிற ஆக்கள் முதற்பாலை மட்டும் எடுத்து, கொதிக்க விடாமல் வெதுவெதுப்பா விடுங்கோ.

எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்குது: மாஷ் ஆறிப்போச்சு இல்லாட்டி பட்டர் கூடிப்போச்சு. சுடுபால் ஒரு கரண்டி விட்டு மெதுவாப் பிரட்டச் சேரும்.

கிழங்கே கைக்குது, தொண்டை எரியுது

இதில திருத்த ஒண்டும் இல்லை. வெயில் பட்டு பச்சை பூத்த கிழங்கு, முளை விட்ட கிழங்கு இதில இருக்கிற நஞ்சு அவிச்சும் போகாது, பொரிச்சும் போகாது. கொஞ்சம் பச்சை எண்டால் அந்த இடத்தையும் முளைக்கண்ணையும் ஆழமா வெட்டி எறிஞ்சிட்டுப் பாவிக்கலாம். பாதிக்குப் பாதி பச்சை எண்டால் முழுசா எறியுங்கோ, மாட்டுக்கும் போட வேண்டாம். அவிச்சாப் பிறகு வாயில வைக்கக் கைச்சால் துப்பிவிட்டு, சட்டியோட கொட்டுங்கோ, பால் பட்டர் போச்சே எண்டு பார்க்க வேண்டாம். சாப்பிட்டாப் பிறகு சத்தி, வயித்தோட்டம், வயித்துக்குத்து, தலைச்சுத்து வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, வாகனம் இல்லையெண்டால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, என்ன சாப்பிட்டது எண்டதை மறக்காமல் சொல்லுங்கோ.

வைச்சு வைச்சு இறுகிப் போச்சு, இல்லாட்டி புளிச்ச மணம் வருது

இறுகினது மட்டும் எண்டால் சுடுபால் விட்டு, கொதிதண்ணிச் சட்டிக்கு மேல மாஷ் சட்டியை வைச்சுப் பிரட்டுங்கோ, நேர நெருப்பில வைச்சால் அடிப்பிடிக்கும். அடிப்பிடிச்சால் சுரண்டாமல் மேல் பகுதியை மட்டும் வேற சட்டிக்கு மாத்துங்கோ.

புளிச்ச மணமோ நூல் பிடிப்போ வந்தால் சூடாக்கியும் பிரியோசனமில்லை, கொட்டுங்கோ. சித்திரை வைகாசி வெயிலில பால் சேர்ந்த கிழங்கு மேசையில ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிக்கக் கூடாது. விருந்து பிந்துது எண்டு தெரிஞ்சால் கிழங்கை அவிச்சுப் பிழிஞ்சு பட்டர் மட்டும் போட்டு ஆழமில்லாத தட்டத்தில பரப்பி, ஆவி அடங்கின உடன பிரிஜ்ஜில வைச்சிடுங்கோ. வெங்காயத்தை வதக்கி வேற ஏனத்தில அதுக்குப் பக்கத்தில. ஆக்கள் படலையடிக்கு வந்தாப் பிறகு ரெண்டையும் எடுத்துச் சுடுபாலோட ஆவி பறக்கச் சூடாக்கி, இலையைத் தூவி மேசைக்கு விடுங்கோ. 50 பேருக்கு மேல எண்டால் வீட்டில மல்லுக்கட்ட வேண்டாம், பெரிய கிடாரத்தில அவிச்சுப் பழகின சமையல்காரரிட்டக் குடுங்கோ, தண்ணியை மட்டும் நீங்கள் வாங்கிக் குடுங்கோ.